தாத்தாவின் பட்டினி பேரனின் மரபணுவில் தெரியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: தாத்தா இளமையில் பட்டினி கிடந்தவர், அம்மா உங்களைச் சுமந்தபோது பெரும் மன உளைச்சலில் இருந்தவர். இந்த அனுபவங்கள் எபிஜெனெடிக்ஸ் (டி.என்.ஏ எழுத்துகளை மாற்றாமல் மரபணுவின் வேலையை மாற்றும் அடையாளங்கள்) வழியாக உங்களுக்கு வந்து, உங்கள் பதற்றத்துக்கும் உங்களுக்கு வந்திருக்கும் சர்க்கரை நோய்க்கும் காரணமாகியிருக்குமா? அப்படியானால் உணவு, தியானம் போன்றவற்றால் அதை அழித்துவிட முடியுமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் வயிற்றில் நீங்கள் இருந்த மாதங்கள் உங்கள் உடலில் தடம் பதித்திருக்கலாம். அதை நம்ப நல்ல காரணங்கள் இருக்கின்றன. தாத்தாவின் பட்டினி எபிஜெனெடிக் அடையாளமாக உங்கள் வரை வந்தது என்று சொல்ல, மனிதர்களில் கிடைத்திருக்கும் ஆதாரம் மிக மெலிது. பரபரப்பான கட்டுரைகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதுகின்றன. இந்தத் துறைக்கு அதைவிடப் பெரிய கெடுதல் எதுவும் நேர்ந்ததில்லை என்பேன்.

காரணம் புரிய வேண்டுமானால் மரபணு எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மனித டி.என்.ஏ-வில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள், அதாவது வரிசையாகக் கோத்த நான்கு வகை வேதி அலகுகள். புரதம் தயாரிப்பதற்கான செய்தியைச் சுமப்பது அதில் 2 சதவீதத்துக்கும் குறைவு. அப்படிப்பட்ட மரபணுக்கள் சுமார் 20,000. இவை அத்தனையும் உங்கள் கல்லீரல் செல்லிலும் இருக்கின்றன, மூளை செல்லிலும் இருக்கின்றன. ஆனாலும் கல்லீரல் கல்லீரலாகவும் மூளை மூளையாகவும்தான் இருக்கின்றன. எந்த மரபணு எந்தத் திசுவில், எந்த வயதில், எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. மரபணுக் கட்டுப்பாடு என்பது அதுதான். லாக்டோஸ் கிடைக்கும்போது மட்டும் அதைச் செரிக்கும் நொதிகளைத் தயாரிக்கும் பாக்டீரியாவை வைத்து, 1961-ல் பிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மோனோவும் இந்த ஏற்பாட்டை முதன்முதலாகத் தெளிவாக விளக்கினார்கள். அதற்கு 1965-ல் நோபல் பரிசும் வந்தது.

இந்தக் கட்டுப்பாட்டின் பெரும்பகுதி டி.என்.ஏ எழுத்துகளிலேயே இருக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மனிதரிலும் பால் சர்க்கரையையே உதாரணமாக எடுக்கலாம். குழந்தைப் பருவம் தாண்டியதும் பெரும்பாலானவர்களுக்கு லாக்டேஸ் நொதியின் உற்பத்தி குறைந்துவிடும். சிலருக்கு ஆயுள் முழுக்கக் குறைவதில்லை. இவர்களுடைய லாக்டேஸ் மரபணுவை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டால், அது தயாரிக்கும் நொதியில் எந்த மாற்றமும் இல்லை. அந்த மரபணுவிலிருந்து சுமார் 14,000 எழுத்துகள் தள்ளி, பக்கத்து மரபணு ஒன்றின் உள்ளே, சைட்டோசின் என்ற எழுத்து இருக்க வேண்டிய ஓர் இடத்தில் தைமின் என்ற எழுத்து இருக்கிறது. ஐரோப்பியர் பலரிடமும் தென்னாசியர் பலரிடமும் காணப்படும் மாற்றம் இது. ஒரே ஓர் எழுத்து. லாக்டேஸ் அணையாமல் இருப்பதற்கு அது போதும். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இது சாதாரண மெண்டல் விதிப்படியே போகிறது. ஆகவே ‘மரபணு அணைக்கப்பட்டிருக்கிறது’ என்று எங்காவது படித்தவுடன் எபிஜெனெடிக்ஸ்தான் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது.

எபிஜெனெடிக்ஸ் என்பது எழுத்துகளை மாற்றாமல் அவற்றின் மேல் ஏறும் அடையாளங்களைப் பற்றியது. ஒரு செல்லின் டி.என்.ஏ-வை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலமே உள்ள உட்கருவுக்குள் அடங்க வேண்டும். அதற்காக ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல், ஒவ்வொரு முறையும் 147 எழுத்துகள் நீளத்துக்கு, ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாக அது சுற்றிக்கொள்கிறது. ஹிஸ்டோனின் வால்பகுதியில் அசெட்டில் தொகுதி ஒட்டினால் அந்த இடம் தளர்ந்து மரபணு படிக்கப்படும். அதை எடுத்துவிட்டால் இறுகிவிடும். இன்னொரு வழி மெத்தில் ஏற்றுவது. சைட்டோசினை அடுத்து குவானின் வரும் இடங்களில், சைட்டோசின்மேல் சின்னஞ்சிறு மெத்தில் தொகுதி ஒட்டுகிறது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் இது நிறைய ஏறினால் அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். செல் இரண்டாகப் பிரியும்போது பழைய இழையில் எங்கெல்லாம் மெத்தில் இருக்கிறது என்று பார்த்து, புதிய இழையிலும் அதே இடங்களில் ஏற்றுவதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. கல்லீரல் செல்லின் வாரிசு கல்லீரல் செல்லாகவே பிறப்பதில் இந்தப் படியெடுப்புக்குப் பெரும் பங்குண்டு.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு பூனை போதும். வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு மூன்றும் திட்டுத்திட்டாகக் கலந்த பூனைகள் அநேகமாக எல்லாமே பெண் பூனைகள். ஆரஞ்சு நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை அடக்கிவிடுகிறது. எதை அடக்குவது என்பது தற்செயல். அதற்குப் பிறகு அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் அதே தேர்வைக் காப்பாற்றுகின்றன. 1961-ல் மேரி லயன் முன்வைத்த கருத்து இது. ஓர் எக்ஸில் ஆரஞ்சும் இன்னொன்றில் கறுப்பும் இருந்தால், எந்தச் செல் எதை அடக்கியதோ அதற்கேற்ப உடலில் திட்டுகள் விழும்.

2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் குளோன் பூனை பிறந்தது. பெயர் சிசி. அச்சுப் பிரதி என்ற பொருளில் வைத்த பெயர். ரெயின்போ என்ற மூவண்ணப் பூனையின் ஒரு செல்லின் உட்கருவை எடுத்துத்தான் அதை உருவாக்கினார்கள். டி.என்.ஏ பரிசோதனை இரண்டும் ஒன்றே என்றது. ஆனால் சிசியின் உடலில் பழுப்பு வரிகளும் வெள்ளையும் மட்டுமே இருந்தன. ஆரஞ்சு அறவே இல்லை. எடுத்த அந்த ஒரு செல்லில் ஆரஞ்சு சுமந்த எக்ஸ் அடங்கியிருந்தது, குளோன் செய்யும்போது அந்த அடக்கம் நீங்கவில்லை.

2025-ல் வெளியான இரண்டு தனித்தனி ஆய்வுகள் அந்த ஆரஞ்சு மரபணுவையே கண்டுபிடித்துவிட்டன. எக்ஸ் குரோமோசோமில் சுமார் 5,000 எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. அந்த இழப்பால், நிறமிச் செல்லில் சாதாரணமாக ஓய்ந்திருக்க வேண்டிய மரபணு ஒன்று வேலை செய்யத் தொடங்குகிறது. ஆக, ஆரஞ்சு நிறம் என்பது எழுத்து மாற்றத்தால் வந்த கட்டுப்பாட்டுப் பிசகு. அது குட்டிகளுக்குப் போகும். திட்டுகளின் அமைப்பு எபிஜெனெடிக்ஸ், அது போகாது. தாயின் திட்டுகளைக் குட்டி அப்படியே பெறுவதில்லை, ஒவ்வொரு குட்டியின் உடலிலும் அந்தத் தேர்வு புதிதாக நடக்கிறது. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்தப் பூனையின் தோலிலேயே இருக்கிறது.

ஏன் போகாது? முட்டையும் விந்தும் சேர்ந்த சில நாட்களுக்குள், அவை சுமந்துவந்த மெத்தில் அடையாளங்களில் பெரும்பகுதி நீக்கப்படுகிறது. பிறகு அந்தக் கருவுக்குள்ளேயே, பிற்காலத்தில் முட்டையாகவோ விந்தாகவோ ஆகப்போகும் மூலச் செல்களில் இன்னொரு முறை, இன்னும் முழுமையாக, துடைக்கப்படுகிறது. எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய செல்களோடு வாழ்க்கையைத் தொடங்க வேண்டுமானால் பழைய முடிவுகள் எல்லாம் கலைந்தே ஆக வேண்டும். பாலூட்டிகளில் அனுபவத்தின் அடையாளம் தலைமுறை தாண்ட வேண்டுமென்றால் இந்த இரண்டு துடைப்புகளிலிருந்தும் தப்பிக்க வேண்டும்.

தப்பிப்பவை இல்லாமல் இல்லை. கருவுற்றபின் நடக்கும் முதல் துடைப்பிலிருந்து தப்பிக்கவென்றே நூறு அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட மரபணுக்கள் பெற்றோரின் முத்திரையைத் தாங்கி வருகின்றன. அப்பாவிடமிருந்து வந்த பிரதி மட்டும் வேலை செய்யும், அல்லது அம்மாவிடமிருந்து வந்தது மட்டும் வேலை செய்யும். இது குலைந்தால் என்ன ஆகும் என்பதை 15-ஆம் குரோமோசோம் காட்டுகிறது. அதன் ஒரு பகுதி அப்பா தந்த பிரதியில் விடுபட்டிருந்தால் வருவது பிராடர்–வில்லி நோய்க்கூட்டு: பிறக்கும்போது தசைகள் தளர்ந்திருக்கும், பால் குடிப்பதே சிரமமாக இருக்கும், சில ஆண்டுகளில் அடங்காத பசி தொடங்கும். ஏறத்தாழ அதே பகுதி அம்மா தந்த பிரதியில் விடுபட்டிருந்தால் வருவது ஏஞ்சல்மன் நோய்க்கூட்டு: பேச்சு ஏறக்குறைய வராது, வலிப்பு வரும், குழந்தை காரணமில்லாமல் அடிக்கடி சிரிக்கும். எழுத்துகள் ஒன்றுதான். யாரிடமிருந்து வந்தன என்ற முத்திரை மட்டுமே வேறு. அந்த முத்திரையும் நிரந்தரமில்லை. ஒரு பெண் தன் அப்பாவிடமிருந்து பெற்ற குரோமோசோமைத் தன் குழந்தைக்குக் கொடுக்கும்போது, அப்பாவின் முத்திரை அழிந்து அம்மாவின் முத்திரை ஏறிவிடும்.

தாவரங்களில் கதை வேறு. லினேரியா என்ற செடியில் வழக்கத்துக்கு மாறான, நாலாபுறமும் ஒரேமாதிரி இருக்கும் பூவை 18-ஆம் நூற்றாண்டில் லின்னேயஸ் வியப்போடு விவரித்தார். 1999-ல் அதன் காரணம் தெரிந்தது: அந்தப் பூவின் வடிவத்தைத் தீர்மானிக்கும் மரபணுவில் மெத்தில் நிறைந்து அது அடங்கிக் கிடந்தது, அந்த அடக்கம் விதை வழியாகவும் போயிற்று. புழுக்களில் சிறு ஆர்.என்.ஏ-க்கள் வழியாகச் சில தலைமுறைகள் வரை அடையாளம் போவது நன்றாக நிரூபணமானது. எலிகளில் அகூட்டி என்ற மரபணுவின் ஒரு வகை, மெத்தில் குறைந்தால் மஞ்சள் ரோமத்தையும் உடல் பருமனையும் தருகிறது. கர்ப்பிணி எலிக்கு ஃபோலிக் அமிலம், பி12, கோலின், பீட்டெய்ன் கொடுத்தபோது பழுப்பு ரோமக் குட்டிகள் அதிகம் பிறந்தன என்று 2003-ல் வாட்டர்லேண்டும் ஜெர்ட்டிலும் காட்டினார்கள். மிக அழகான ஆய்வு. ஆனால் அந்த இடத்தில், எங்கிருந்தோ வந்து செருகிக்கொண்ட நகரும் டி.என்.ஏ துண்டு ஒன்று இருக்கிறது. அதனால்தான் அது இவ்வளவு எளிதில் மாறுகிறது. எல்லா மரபணுக்களும் அப்படி இருப்பதாக இதிலிருந்து நினைக்கக் கூடாது.

மனிதரிடம் வருகிறேன். 1944 நவம்பரிலிருந்து 1945 மே வரை நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் கடும் பஞ்சம். ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் உணவு வரத்து நின்று, ஒரு நாளுக்கான பங்கீடு 1,000 கலோரிக்கும் கீழே போனது. தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரிந்த பஞ்சம். மருத்துவமனைப் பிரசவப் பதிவேடுகளும் பத்திரமாக இருந்தன. அதனால் யார் கர்ப்பத்தின் எந்த மாதத்தில் பட்டினியைச் சந்தித்தார்கள் என்று கணக்கிட முடிந்தது. 2008-ல் ஹெய்மன்ஸ் குழுவினர், அந்தப் பஞ்சத்தின்போது கருவான 60 பேரை அவரவருடைய சொந்த அண்ணன் தம்பியோடு, அக்காள் தங்கையோடு ஒப்பிட்டார்கள். அறுபது ஆண்டுகள் கழித்தும், வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐஜிஎஃப்2 மரபணுவில் மெத்தில் குறைவாக இருந்தது. வித்தியாசம் சுமார் 5 சதவீதம்தான். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பஞ்சத்தைச் சந்தித்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. எந்த மாதம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதை இது காட்டுகிறது.

ஆனால் இது தலைமுறை தாண்டிய பரம்பரை இல்லை. பட்டினி கிடந்தது அந்தக் கருவே. ஒரு கர்ப்பிணி பட்டினி கிடந்தால் மூன்று தலைமுறைகள் அதை நேரடியாகச் சந்திக்கின்றன: அவர், வயிற்றுக் குழந்தை, அந்தக் குழந்தைக்குள் அப்போதே உருவாகத் தொடங்கிவிட்ட முட்டை அல்லது விந்தின் மூலச் செல்கள். கொள்ளுப்பேரப் பிள்ளைகள் வரை பார்த்தால்தான் பட்டினி தொடாத ஒருவரிடம் அடையாளம் போயிருக்கிறது என்று சொல்ல முடியும். பட்டினி கிடந்தது ஆண் என்றால் பேரப் பிள்ளைகள் போதும். உங்கள் தாத்தாவின் கதை இந்த இரண்டாவது வகை.

அதற்கு நேராகப் பொருந்தும் மனித ஆய்வு சுவீடனின் வடக்கே ஓவர்காலிக்ஸ் என்ற ஊரில் நடந்தது. பூப்புக்கு முந்தைய வயதில் தாத்தாவுக்கு உணவு ஏராளமாகக் கிடைத்திருந்தால் பேரப் பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோய் மரணம் கூடியது என்றார்கள். கவனியுங்கள்: பட்டினியால் இல்லை, மிதமிஞ்சிய உணவால். ஆட்களின் எண்ணிக்கை சிறியது. யாருடைய மெத்திலையும் அளக்கவில்லை, இறப்புப் பதிவுகளை மட்டுமே பார்த்தார்கள். 2018-ல் அதே நாட்டின் உப்சாலாவில் இதைவிடப் பெரிய அளவில் சோதித்தபோது, அப்பாவழித் தாத்தாவின் உணவுக்கும் பேரனின் (பேத்தியின் இல்லை) மொத்த இறப்பு விகிதத்துக்கும், குறிப்பாகப் புற்றுநோய் இறப்புக்கும், தொடர்பு தெரிந்தது. சர்க்கரை நோயில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. இந்த நிலையில் உங்கள் சர்க்கரைக்குத் தாத்தாவைக் காரணம் காட்ட என்னால் முடியாது.

பதற்றத்தைப் பற்றி. நடத்தையும் எபிஜெனெடிக்ஸும் சந்திக்கும் ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது மாண்ட்ரியலில் மைக்கேல் மீனியும் மோஷே சீஃபும் செய்தது, 2004-ல் வெளிவந்தது. சில தாய் எலிகள் குட்டிகளை அதிகமாக நக்கிக்கொடுக்கும், சில குறைவாக. அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் எளிதில் பதறுவதில்லை. அவற்றின் மூளையில் ஹிப்போகாம்பஸ் பகுதியில், மன அழுத்த ஹார்மோனைக் கண்டுகொள்ளும் ஏற்பி மரபணுவில் மெத்தில் குறைவு. ஏற்பிகள் நிறைய உருவாவதால் அழுத்த ஹார்மோன் சீக்கிரம் அடங்குகிறது. குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்த குட்டியை, அதிகம் நக்கும் தாயிடம் பிறந்தவுடன் மாற்றி வளர்த்தால், அது வளர்த்தவளைப் போலவே ஆகிறது. அதிகம் நக்கப்பட்ட பெண் குட்டி தாயானதும் தன் குட்டிகளை அதிகம் நக்குகிறது. தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. ஆனால் முட்டை வழியாகவோ விந்து வழியாகவோ எதுவும் போகவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் தாயின் நாக்கு அந்த அடையாளத்தைப் புதிதாக எழுதுகிறது.

குடும்பங்களில் பதற்றம் தொடர்வதைப் பார்க்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. பொதுவான டி.என்.ஏ எழுத்துகள், கருப்பை, வளர்த்த விதம், ஒரே வீட்டின் வறுமை என்று நான்கு வழிகள் இருக்க, நேராக விந்தின் மெத்திலுக்குத் தாவத் தேவையில்லை. மனிதர்களில், குழந்தைப் பருவக் கொடுமைகளுக்கு ஆளாகி, பிறகு தற்கொலை செய்துகொண்டவர்களின் மூளையில் அதே ஏற்பி மரபணுவில் மெத்தில் கூடியிருந்தது என்று 2009-ல் ஓர் ஆய்வு சொன்னது. பார்த்த மூளைகள் மிகக் குறைவு. உயிரோடு இருப்பவர்களின் மூளையிலிருந்து திசு எடுக்க முடியாது; ரத்தத்தையோ எச்சிலையோதான் பார்க்கிறோம், அவற்றின் மெத்தில் மூளையுடையதைப் பெரும்பாலும் பிரதிபலிப்பதில்லை. அதனால் எந்த ரத்தப் பரிசோதனையும் உங்கள் பதற்றத்தின் வேரைக் காட்டாது.

சர்க்கரை நோயில் கருப்பையின் பங்கு உறுதியானது. அமெரிக்காவின் பிமா பழங்குடி மக்களிடம் செய்து 2000-ல் வெளியான ஆய்வில், ஒரே தாய்க்கு, அவருக்குச் சர்க்கரை நோய் வருவதற்கு முன் பிறந்த பிள்ளையையும் வந்தபின் பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டார்கள். பின்னால் பிறந்தவருக்கு நோய் வரும் வாய்ப்பு கணிசமாகக் கூடியிருந்தது. அப்பாவுக்கு நோய் வந்ததற்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களிடையே அப்படி வித்தியாசம் இல்லை. மரபணு எழுத்துகளுக்கும் பெரிய பங்கு உண்டு: இரண்டாம் வகைச் சர்க்கரை நோயோடு சேர்த்துக் கண்டறியப்பட்ட நூற்றுக்கணக்கான டி.என்.ஏ இடங்களில் பெரும்பாலானவை புரதப் பகுதிக்கு வெளியே, கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம்தான் கூட்டும்.

புற்றுநோயில் எபிஜெனெடிக்ஸ் அநேகமாக எல்லா வகையிலும் தலையிடுகிறது. டி.என்.ஏ-வைப் பழுதுபார்க்கும் எம்எல்எச்1 மரபணு மெத்தில் ஏறி அடங்கிவிட்டால், எழுத்துகளில் ஒரு பிழையும் இல்லாமலே பெருங்குடல் புற்றுநோய்க்கு வழி திறக்கும். மெத்தில் ஏற்றும் நொதியை முடக்கும் அசாசிடிடின் 2004-லிருந்து எலும்பு மஜ்ஜை நோயொன்றுக்கு அங்கீகாரம் பெற்ற மருந்து. மரபணுக் கட்டுப்பாட்டை அறிந்ததால் வந்த பலன்களில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தருவது அரிவாள் செல் சோகைக்கு 2023-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த, டி.என்.ஏ-வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் சிகிச்சை. பழுதான ஹீமோகுளோபின் மரபணுவை அது தொடுவதே இல்லை. பிறந்தபின் கருக்கால ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ என்ற மரபணுவுக்கு, ரத்தச் சிவப்பணுக்களாக மாறும் செல்களில் மட்டும் வேலை செய்யும் ஒரு தூண்டுபகுதி இருக்கிறது. அதை வெட்டிவிடுகிறார்கள். அடக்கம் தளர்ந்து, குழந்தை வயிற்றில் இருந்தபோது செய்த ஹீமோகுளோபினை உடல் மறுபடி செய்கிறது.

உங்கள் கடைசிக் கேள்வி, அழிக்க முடியுமா என்பது. சில அடையாளங்கள் மாறும். புகைபிடிப்பவர்களின் ரத்தத்தில் ஏஎச்ஆர்ஆர் என்ற மரபணுவில் மெத்தில் குறைந்துவிடும்; நிறுத்தினால் ஆண்டுகள் செல்லச் செல்லப் பெருமளவு மீள்கிறது. தியானத்தால் மரபணுவை மாற்றலாம் என்பவர்கள் காட்டும் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, ரத்தத்தில் செய்யப்பட்டவை. ரத்த அணுக்களின் விகிதம் மாறினாலே மெத்தில் அளவு மாறியதுபோலத் தோன்றும். பதற்றம் குறைகிறதென்றால் தியானம் செய்யுங்கள், அதற்கு மெத்தில் சான்றிதழ் தேவையில்லை. ‘எபிஜெனெடிக் வயது’ சொல்லும் பரிசோதனைகளை வாங்காதீர்கள். 2013-ல் ஸ்டீவ் ஹோர்வாத் 353 இடங்களை வைத்து உருவாக்கிய கணக்கு, கூட்டமாகப் பலரை ஆராய்வதற்கு அருமையான கருவி. தனி ஒருவருக்கோ, ஒரே மாதிரியை இரண்டு முறை அளந்தால் சில ஆண்டுகள் முன்பின் வரக்கூடிய அளவை வைத்துக்கொண்டு செய்ய எதுவும் இல்லை.

உங்கள் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கர்ப்பகால மன உளைச்சலுக்கும் பிள்ளையின் பிற்காலப் பதற்றத்துக்கும் புள்ளிவிவரத் தொடர்பு இருக்கிறது. ஆனால் அது மிதமானது, அதில் ஒரு பகுதி இருவரும் பகிரும் டி.என்.ஏ எழுத்துகளால் வருவது. அவர்மேல் பழி போட இந்த அறிவியலில் இடமில்லை. அவரிடம் வேறு ஒன்றைக் கேளுங்கள்: உங்களைச் சுமந்தபோது அவருக்குச் சர்க்கரை இருந்ததா, உங்கள் பிறப்பு எடை எவ்வளவு, குடும்பத்தில் யார் யாருக்கு எந்த வயதில் சர்க்கரை வந்தது. இவற்றை எழுதி உங்கள் மருத்துவரிடம் கொடுங்கள். இளவயதிலேயே பலருக்கு வந்திருக்கிறது என்றால், ஒரே மரபணுப் பிழையால் வரும் அரிய வகையா என்று அவர் சோதிக்கச் சொல்லலாம். அந்த வகைகளில் சிலவற்றுக்கு இன்சுலினுக்குப் பதிலாக மாத்திரையே நன்றாக வேலை செய்கிறது.